கரமான் ராஜாவுக்குப் போட்ட கோடி

எங்கள் தோட்டத்து டிவிஷனில் ரப்பர் ஷீட் காயவைக்கும் புகைக்கூடு தீப்பிடித்து எரிந்ததே, அந்த வருஷம்தான் நான் துருக்கிக்குப் போய் வந்தேன். தேதி கேட்டால் சொல்லத் தெரியாது. நான் பள்ளிக்கூடம் போன ஆளில்லை. ஆனால் புகைக்கூடு எரிந்த வருஷம் என்று தெஹியோவிட்டையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கூட்டை மறுபடி கட்டி முடிக்கும்வரை நாங்கள் குடியிருக்கும் லயத்துக் கொடிகளிலெல்லாம் ஷீட்தான் தொங்கியது. எங்கள் வேட்டி சேலையும் அதே நாற்றத்தில் காய்ந்தன. பஸ்ஸில் ஏறினால் சனம் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒதுங்கும். அவிசாவளைவரை நான் உட்கார்ந்து போனது அந்த ஒரு வருஷம்தான்.

சண்டை நின்று பேச்சுவார்த்தை நடந்த காலம் அது. பஸ்ஸை மறித்து, ஆட்களை இறக்கிச் சோதிப்பது குறைந்திருந்தது. இல்லாவிட்டால் எங்கள் தப்புக் கொட்டுகளைச் சாக்கில் கட்டிக்கொண்டு கொழும்புவரை போயிருக்கவே முடியாது. வட்டமாக, கனமாக, சாக்குக்குள் ஒரு சாமான் இருந்தால் யார்தான் சும்மா விடுவார்கள்?

துருக்கியில் கரமான் என்று ஓர் ஊர். அங்கே தங்களுடைய பழைய ராஜா ஒருவருக்கு விழா எடுத்தார்கள். அதற்கு வெளிநாடுகளிலிருந்து கொட்டு அடிப்பவர்களைக் கூப்பிட்டார்கள். கொழும்பில் யாரோ எங்கள் தப்பைக் கேட்டுவிட்டுப் பெயர் கொடுத்திருந்தார்கள். பெருவிரலை வைக்கச் சொன்ன இடத்தில் வைத்தேன். எனக்குத் தெரிந்த ஏற்பாடு அவ்வளவுதான்.

தப்பு அடிக்க நான், கருப்பையா, இன்னும் இரண்டு பேர். மனேஜராக என் மச்சான் சிவனு. மனேஜர் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். அவனுக்கு ஓரளவு இங்கிலீஷ் வரும் என்றார்கள்.

சிவனு என் மனைவி மீனாட்சியின் தம்பி. என்னோடு ஒன்றாக ரப்பர் பால் வெட்டியவன்தான். பிறகு லயத்து முக்கில் ஒரு சின்னக் கடை போட்டான். கடை இரண்டாயிற்று. ஒரு த்ரீவீல் வந்தது. அதற்குத் துணையாக இன்னொன்று வந்தது. அப்புறம் தெரணியகலை ரோட்டில் பெரிய கடை. கடைசியில் லவுட்ஸ்பீக்கர் செட் வாங்கினான். கலியாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எல்லாம் அவன் கைக்குப் போயின. எங்கள் தப்புக்கு மிஞ்சியது கோயிலும் சாவு வீடும்தான்.

கோயிலையும் ஒரு திருவிழாவில் பிடித்துக்கொண்டான். சாமி புறப்படும் நேரம் நாங்கள் தப்பை எடுத்தோம். அவனுடைய ஸ்பீக்கர் சினிமாப் பாட்டை எடுத்தது. சாமியாடிக்கு எதற்கு ஆடுவதென்று தெரியவில்லை. ஒரு கால் எங்கள் அடிக்கும் மறு கால் அந்தப் பாட்டுக்கும் போய், பாவம், விழுந்துவிட்டார். எனக்கு வந்த கோபத்தில் கோயில் வாசலில் நின்று கத்தினேன்.

"டேய் சிவனு! நான் செத்தாலும் ஒங் கோடி எம் மேல விழக்கூடாதுடா!"

ஸ்பீக்கர்கூட நின்றுவிட்டது.

அது எவ்வளவு பெரிய பேச்சு என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. எங்கள் முறைப்படி ஒருவன் செத்தால் அவன் மனைவியின் சகோதரன் புது வேட்டி கொண்டுவந்து உடம்பின்மேல் போட வேண்டும். அதுதான் கோடி. கோடி விழும்வரை சாவுத் தப்பு நிற்காது, பிணமும் நகராது. மச்சான் கண்டியிலிருந்து வரவேண்டுமென்றால் அவன் வந்து சேரும்வரை அடித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். பிறந்த வீட்டுக் கோடி வராத பெண், ஊரார் முன்னால் நாதியற்றவளாக நிற்பாள். நான் திட்டியது சிவனுவை. அடி விழுந்தது மீனாட்சிக்கு. அவள் அர்ச்சனைத் தட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து நானும் சிவனுவும் பேசுவதில்லை. புறப்படுகிற அன்றைக்கு மீனாட்சி மிளகாய் இடித்த கட்டச் சம்பல் போத்தலை என் பையில் வைத்துக்கொண்டே சொன்னாள்.

"போற எடத்துலயாச்சும் வாயத் தொறந்து பேசிட்டு வாங்க. இல்லாட்டி ஒண்ணு செய்யுங்க. எனக்கு முன்னாடி நீங்க செத்துப்போயிறாதீங்க. கோடியில்லாத பொணத்துக்குப் பக்கத்துல என்னால குந்திக்கிட்டு இருக்க ஏலாது."

"அதெல்லாம் எங் கையிலயா இருக்கு?" என்றேன்.

"வாய் ஒங்க கையில இருக்குதானே?" என்றாள்.

விமான நிலையத்தில் சிவனுவின் பையைத் திறந்து பார்த்தார்கள். அடியில் கடைக் கடதாசி பிரிக்காத புது வேட்டி ஒன்று இருந்தது. அதிகாரி அதை உதறிப் பார்த்தபோது நான் மூலைகளைக் கவனித்தேன். புதுத் துணி வாங்கினால் மூலையில் மஞ்சள் வைப்பது எங்கள் வழக்கம். இதில் மஞ்சள் இல்லை.

"கருப்பையா," என்றேன், சிவனுவுக்குக் கேட்கிற மாதிரி, "மொதலாளியானதும் சில பேருக்கு மஞ்ச வைக்கிற முறையே மறந்துபோவுது."

சிவனு வேட்டியை அப்படியே மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டான். அதைப் பார்த்ததும் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

கருப்பையாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் பேச்சைச் சுமந்தவன் அவன்தான். நான், "அந்த மடையன பாஸ்போட்ட கவனமா வச்சுக்கச் சொல்லு," என்பேன். கருப்பையா திரும்பி, "பாஸ்போட்டெல்லாம் ஒங்ககிட்ட இருக்கிறது தனக்கு நிம்மதியாம்னு மச்சான் சொல்றாரு," என்பான். மூன்று பேருக்கும் இடையில் ஓரடி தூரம்கூட இருக்காது.

விமானத்தில் ஏறியதைச் சொல்லப்போவதில்லை. கண்ணை மூடிக்கொண்டே இருந்தேன். இறங்கி, பஸ் பிடித்தோம். பஸ்ஸா அது! அவரவருக்கு ஒரு சீட், யாரும் நிற்கவில்லை, கோழி இல்லை, மரக்கறி மூட்டை இல்லை. பஸ் கிளம்பிக் கொஞ்சத்தில் கழுத்துப்பட்டி கட்டிய கண்டக்டர் ஒரு போத்தலோடு வந்தான். ஒவ்வொருவர் கையிலும் கொஞ்சம் ஊற்றினான். எலுமிச்சம்பழ வாசம் கமகமவென்று வந்தது. தூரப் பயணமாயிற்றே, வண்டி நல்லபடியாகப் போகக் கோயில் தீர்த்தம் கொடுக்கிறார்கள் என்று நினைத்தேன். வலது கையைக் குவித்து வாங்கினேன். ஒரு வாய் உறிஞ்சிவிட்டு மிச்சத்தைத் தலையில் தடவினேன்.

தொண்டை தீப்பிடித்தது. ஆனால் தீர்த்தத்தைத் துப்பலாமா? விழுங்கினேன். என்னைப் பார்த்து எங்கள் ஆட்களும் வரிசையாக உறிஞ்சினார்கள். கருப்பையாவுக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. "சக்தியுள்ள சாமிங்க," என்றான். கண்டக்டர் போத்தலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முன்பக்கம் ஓடினான். அது கை துடைக்கிற சென்ட் தண்ணீர் என்று பிறகுதான் தெரிந்தது. சிவனு மட்டும் குடிக்கவில்லை. அவனுக்கு இங்கிலீஷ் தெரியுமல்லவா? எங்களிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் அவன் என்னோடுதான் பேசுவதில்லையே.

வழியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பஸ் நின்றது. தயிரில் உப்புப் போட்டுக் கடைந்து கிளாஸில் கொடுத்தார்கள். குடித்துப் பார்த்தால் மோர்! இஞ்சியும் கறிவேப்பிலையும்தான் இல்லை. சிரித்துக்கொண்டே குடித்தேன். ஏறி உட்கார்ந்ததும் வண்டி நகர்ந்தது. பார்த்தால் சிவனுவின் சீட் காலி. கருப்பையா குறட்டை விடுகிறான்.

அவனோடு பேசமாட்டேன் என்றுதான் நான் இருந்தேன். அவனுக்காகப் பேசலாமா கூடாதா என்று யோசித்ததே இல்லை. யோசிக்கிற நேரத்துக்குள் வண்டி பெரிய ரோட்டில் ஏறிவிட்டது. பதற்றத்தில் எனக்குச் சிங்களம்தான் வாயில் வந்தது. எழுந்து நின்று, "நவத்தன்ன! நவத்தன்ன!" என்று கத்தினேன். நிறுத்துங்கள் என்று அர்த்தம். துருக்கிக்காரன் எப்படிப் புரிந்துகொண்டானோ, பிரேக் போட்டான். சிவனு செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்து ஏறினான்.

"பஸ்ஸ யாரு நிப்பாட்டினது?" என்று கருப்பையாவிடம் கேட்டான்.

அப்போதுதான் விழித்த கருப்பையா, "டிரைவருக்கே தோணியிருக்கும்," என்றான்.

"பாஸ்போட்டெல்லாம் அவன்கிட்டதானே இருக்கு, அதுக்காகத்தான்னு சொல்லு," என்றேன் நான். கருப்பையா இந்த ஒரு தடவை எதையும் மாற்றாமல் சொன்னான்.

கரமானில் எங்களைக் கூட்டிப்போக வந்த பெண்ணைப் பார்த்து நான் அசந்துபோனேன். துருக்கிக்காரி மாதிரி தலையில் துணி கட்டியிருந்தாள். வாயைத் திறந்ததும், எங்களுக்குப் பக்கத்து ஊரான ருவன்வெல்லைச் சிங்களம், சுத்தமாக. பெயர் சுனேத்திரா. வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போன இடத்தில் ஒரு துருக்கி லொறி டிரைவரைக் கட்டிக்கொண்டு இங்கே வந்துவிட்டாளாம். என்னை 'மாமே' என்றுதான் கூப்பிட்டாள். சம்பல் போத்தலைத் திறந்து காட்டினேன். ஹோட்டல் நடையிலேயே நின்று, ரொட்டியில் தடவித் தின்றாள். தின்றுகொண்டே அழுதாள். உறைப்பில் அழுகிறாளா, ஊர் நினைப்பில் அழுகிறாளா என்று நான் கேட்கவில்லை.

"மாமே, இப்போ பலாக்காய் காலமா அங்கே?" என்றாள்.

"மரம் முறியிற மாதிரி காய்ச்சிருக்கு, மகள்," என்றேன். அதற்கும் அழுதாள்.

ஹோட்டலில் எனக்கும் சிவனுவுக்கும் ஒரே அறை. குடும்பம் என்று எழுதியிருந்தார்களாம். அறையில் ஒரே கட்டில். கருப்பையாவை நடுவில் படுக்கவைத்தோம். இரண்டு பக்கத்திலிருந்தும் போர்வையை இழுத்ததில் அவனுக்குத்தான் தடுமன் பிடித்தது.

மறுநாள் காலைச் சாப்பாட்டில் கறுப்பாக, பளபளவென்று ஒரு காய் வைத்தார்கள். எங்கள் ஊர்ப் புளிப்பு வெரளுக்காய்போல இருந்தது. ஆசையாக வாயில் போட்டால் உப்பும் எண்ணெயும். தேத்தண்ணியைப் பூச்சாடி மாதிரி இடுப்புச் சிறுத்த குட்டிக் கிளாஸில் பால் இல்லாமல் கொடுத்தார்கள். ஆனால் கொடுப்பதை நிறுத்தவில்லை. கிளாஸ் காலியானால் நிரப்பினார்கள். வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் குடித்துக்கொண்டே இருந்தேன். ஹோட்டலுக்கு ரொட்டி கொண்டுவரும் பேக்கரிக்காரர் பார்த்துவிட்டு, கரண்டியைக் கிளாஸின் மேல் குறுக்கே வைத்துக் காட்டினார். அப்படி வைத்தால் போதும் என்று அர்த்தமாம். தாட்டியான மனிதர், சிரித்தால் வயிறு தனியாகச் சிரிக்கும். நாடகத்தில் அவர்தான் ராஜா என்று சுனேத்திரா சொன்னாள்.

அன்றைக்கு ராஜாவின் சமாதியைப் பார்க்கப் போனோம். கல்லால் கட்டியது. கூம்பு வைத்த கூரை. பார்த்துக்கொள்ள ஒரு கிழவர் இருந்தார். அவர் துருக்கியில் கதை சொன்னார். சுனேத்திரா அதைச் சிங்களத்தில் எனக்குச் சொன்னாள். நான் தமிழில் எங்கள் ஆட்களுக்குச் சொன்னேன். சிவனு எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, காதை மட்டும் என் பக்கம் வைத்திருந்தான்.

ராஜாவின் பெயரைச் சொன்னார்கள். என் வாயில் அது நிற்கவில்லை. கரமான் ராஜா என்றே சொல்கிறேன். மலையும் மலையடியும் அவருடைய நாடு. பழைய குடும்பம், பேர்போன குடும்பம். அதே காலத்தில் தூரத்தில் ஒஸ்மான் வம்சம் என்று ஒரு வீட்டுக்காரர்கள் சின்னதாகத் தொடங்கி வளர்ந்து வந்தார்கள். ஒரு ஊர், இன்னொரு ஊர், கடல் தாண்டி அந்தப் பக்கத்து ஊர்கள் என்று பிடித்துக்கொண்டே போனார்கள். கரமான் ராஜாவைச் சண்டையில்லாமல் வைத்துக்கொள்ள, ஒஸ்மான் சுல்தான் தன் மகளையே கட்டிக்கொடுத்தார்.

"ஆனா மருமகன் சும்மா இருந்தாரா? இல்லை," என்று கிழவர் கையை ஆட்டினார். மாமனார் கடல் தாண்டிச் சண்டைக்குப் போன நேரம் பார்த்து எல்லையில் இருந்த ஊரைப் பிடித்துக்கொண்டார். மாமனார் திரும்பிவந்தார். கோன்யா என்கிற ஊருக்குப் பக்கத்துச் சமவெளியில் பெரிய சண்டை. மருமகன் தோற்றுக் கோட்டைக்குள் ஓடினார். அப்போது ராணி வெளியே வந்து அப்பாவின் காலைப் பிடித்து, புருஷனை விட்டுவிடச் சொல்லி அழுதாள். மருமகன் மாமனாரின் கையை முத்தமிட்டார். சரி போ என்று மன்னித்துவிட்டார் மாமனார்.

"கௌரவமான மாமனாருதான்," என்றான் கருப்பையா.

"கேளு, இன்னும் இருக்கு," என்றேன். மாமனார் ஒரு யுத்தத்தில் செத்தார். அவர் மகன் சுல்தானானான். கரமான் ராஜாவுக்கு மச்சான். ராஜா மறுபடி கிளம்பிவிட்டார்! ஊர்களைப் பிடித்தார். மச்சானின் தளபதியைப் பிடித்துச் சிறையில் போட்டார். மச்சான் பெரிய படையோடு வருகிறான் என்று கேள்விப்பட்டதும் தளபதிக்குப் பரிசெல்லாம் கொடுத்து அனுப்பினார். மச்சான் மசியவில்லை. ராஜா தோற்றுக் கோன்யாவுக்குள் ஒளிந்தார். அந்த ஊர்க்காரர்களே பிடித்துக் கொடுத்துவிட்டார்கள். சிறையில் கிடந்த அதே தளபதியின் கையால் ராஜாவின் கதை முடிந்தது.

நான் சமாதியைப் பார்த்துக் கும்பிட்டேன். "மனுசன்! எவ்வளவு பெரிய வீடு வளர்ந்து வந்தாலும் பணிஞ்சு போகல பாத்தியா?"

முதுகைக் காட்டியபடியே சிவனு சொன்னான். "கருப்பையா, வளர்றவன் வளரத்தான் செய்வான். அதுக்கு மச்சான்காரன் வயிறெரிஞ்சா, அது யாரு குத்தம்?"

"அடுத்தவன் எடத்துல வந்து பாட்டுப் போட்டா, அது வளர்றதான்னு கேளு!"

"ராஜா எல்லையில எங்கங்க பாட்டுப் போட்டாங்க?" என்று கருப்பையா குழம்பினான்.

"மாமனாரு இல்லாத நேரம் ஊரப் பிடிச்சது யாருன்னு கேளு, கருப்பையா. கையில முத்தங் குடுத்துட்டு மறுபடி போனது யாருன்னும் கேளு," என்றான் சிவனு.

"பொண்ணக் குடுத்துட்டா நாட்டையும் எழுதிக் குடுத்திரணுமான்னு கேளு!"

எங்கள் சத்தத்தைக் கேட்டுக் காவல் கிழவர் என்னவென்று விசாரித்தார். சுனேத்திரா சொல்லியிருக்கிறாள். கிழவர் வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பூர்சா என்கிற ஊர்தான் அந்த ஒஸ்மான்காரர்களின் பழைய தலைநகரமாம். அந்த ஊர்ப் பீச் பழம் நல்ல ருசி என்று எல்லோரும் சொல்வார்களாம். தான் பிறந்ததிலிருந்து அதைத் தொட்டதே இல்லை என்றார். ராஜா செத்து அறுநூறு வருஷத்துக்கு மேலாகிறது. எனக்கு அவரை மிகவும் பிடித்துப்போயிற்று. ஆனால் சுனேத்திரா மெதுவாக ஒன்று சொன்னாள். "மாமே, இவருக்குப் பீச் பழம்னா உயிராம். மனைவி சொல்வா. வாசம் வந்தா அந்தத் தெருப் பக்கமே போகமாட்டாராம்."

அந்த ராணி என்ன ஆனாள் என்று கேட்டேன். பிள்ளைகளோடு அண்ணன் ஊருக்குக் கொண்டுபோனார்களாம். கொஞ்ச வருஷத்தில் கிழக்கேயிருந்து ஒரு நொண்டி ராஜா வந்து அந்த அண்ணனையும் தோற்கடித்துப் பிடித்துப்போனானாம். கரமான் மறுபடி பிள்ளைகளுக்குக் கிடைத்ததாம். கிழவர் அதை வெற்றி மாதிரி சொன்னார். எனக்கு அந்த அம்மா இரண்டு பக்கத்துக்கும் அழுதிருப்பாள் என்றுதான் தோன்றியது. ஏனோ, அர்ச்சனைத் தட்டோடு மீனாட்சி நடந்துபோனது ஞாபகம் வந்தது.

மூன்றாம் நாள் பின்னேரம் நாடகம். கோட்டைக்குக் கீழே கல் பாவிய மைதானம். ஊரே கூடியிருந்தது. தப்புத் தோலைச் சூடு காட்டாமல் அடிக்க முடியாதே. ஹோட்டல் பின்புறத்தில் பேப்பரைக் கொளுத்தி வாட்டினோம். நெருப்பணைக்கிற வண்டி வந்துவிட்டது. வந்தவர்களும் குந்திக்கொண்டு கை காய்ந்துவிட்டுப் போனார்கள்.

நாடகத்தில் சண்டை வரும்போது அடிக்க வேண்டும் என்பதுதான் எங்களுக்குச் சொன்ன வேலை. பேக்கரிக்கார ராஜா கிரீடத்தோடு வந்தார். மச்சான் சுல்தானாக அந்த ஊர்ப் பல் டாக்டர், குதிரையின் மேல். டாக்டருக்குக் குதிரை பழக்கமில்லை. குதிரைக்கும் டாக்டர் பழக்கமில்லை. சண்டை நடந்தது. நாங்கள் விளாசினோம். சனம் ஆரவாரித்தது. ராணி காலில் விழுந்தாள், கை முத்தமிட்டார்கள், மறுபடி சண்டை வந்தது. கடைசியில் தளபதி வாளை ஓங்கினான். ராஜா சாய்ந்தார்.

அந்த இடத்தில் நாங்கள் நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் ஒரு மனிதன் கண் முன்னால் விழுந்து கிடக்கிறான், ஒரு பெண் தலைவிரித்து அழுகிறாள், கையில் சூடான தப்பு இருக்கிறது. என் கை தானாகவே சாவு அடிக்கு மாறிவிட்டது. மற்ற மூன்று பேரும் சேர்ந்துகொண்டார்கள். மைதானம் அமைதியானது. சிலர் கண்ணைத் துடைத்தார்கள். ஏற்பாட்டுக்காரர் பூரித்துப்போய் எங்களைப் பார்த்துத் தலையாட்டினார்.

கொஞ்ச நேரம் கழித்துப் போதும் என்று கையைக் காட்டினார். நாங்கள் நிறுத்தவில்லை. எப்படி நிறுத்துவது? கோடி விழவில்லையே!

ராணி அழுது முடித்துவிட்டு எங்களைப் பார்த்தாள். தப்பு நிற்காததால் முதலிலிருந்து மறுபடி அழ ஆரம்பித்தாள். கல்லில் கிடந்த ராஜா ஒரு கண்ணைத் திறந்து பார்த்து மூடினார். வயிறு ஏறி இறங்கியது. ஏற்பாட்டுக்காரர் வியர்த்துப்போய் சுனேத்திராவை அனுப்பினார்.

"மாமே, முடிஞ்சுது. நிறுத்துங்க!"

"கோடி போடாம நிறுத்த ஏலாது, மகள். அந்தக் குதிரையில இருக்கிறானே மச்சான்காரன், அவன எறங்கி வந்து ஒரு புதுத் துணி போடச் சொல்லு!"

"அவர்தானே மாமே கொன்னது!"

"கொன்னா என்ன? கொன்னாலும் மச்சான் மச்சான்தானே! அவன விட்டா அந்தப் புள்ளைக்கு யாரு இருக்கா?"

சொன்ன பிறகுதான் என் வாயிலிருந்து வந்தது என் காதிலேயே விழுந்தது. கை மட்டும் அடித்துக்கொண்டிருந்தது.

சுனேத்திரா ஓடிப்போய் டாக்டரிடம் கத்தினாள். டாக்டர் குதிரை மேலிருந்து கையை விரித்தார். தனக்குச் சொல்லிக்கொடுத்ததில் அப்படி ஒன்றும் இல்லை என்றாராம். எனக்குத் தோள் கழன்றது. கருப்பையா தும்மித் தும்மி அடித்தான். துருக்கியில் கோடிக்கு எங்கே போவது? இந்தப் பேக்கரிக்காரர் உண்மையாகவே செத்துவிடுவார் என்ற நிலைமைக்கு வந்துவிட்டது.

அப்போது ஹோட்டல் பக்கமிருந்து சனத்தை விலக்கிக்கொண்டு சிவனு வந்தான். கையில் கடைக் கடதாசிப் பொதி. மைதானத்தின் நடுவில் நின்று பொதியைப் பிரித்தான். அந்தப் புது வேட்டியை எடுத்து உதறி, விரித்து, முறைப்படி ராஜாவின் காலிலிருந்து நெஞ்சுவரை போர்த்தினான். தலைமாட்டில் நின்று கும்பிட்டான்.

நாங்கள் தப்பை நிறுத்தினோம்.

பல் டாக்டர் குதிரையிலிருந்து இறங்கி, அல்லது விழுந்து, வந்து சுருங்கியிருந்த வேட்டி மூலையை இழுத்துச் சரிசெய்தார். காவல் கிழவர் கூட்டத்தில் நின்று தோள் குலுங்க அழுதார். வேட்டியைப் போர்த்தபடி கிடந்த ராஜாவும் மூக்கை உறிஞ்சினார். சனம் எழுந்து நின்று கைதட்டியது.

நான் வேட்டியின் மூலையைப் பார்த்தேன். மஞ்சள் இல்லை. எங்கள் ஊரில் ஒரே ஒரு காரியத்துக்கு வாங்குகிற துணியில்தான் மஞ்சள் வைக்கமாட்டார்கள். விமான நிலையத்தில் விளங்காதது அங்கேதான் எனக்கு விளங்கியது. தப்போடு நேராக அவன் முன்னால் போய் நின்றேன்.

"டேய் சிவனு, அது எனக்கு வாங்கினதா?"

"ஆமா மச்சான்."

"நான் சாவேன்னு நெனச்சுக்கிட்டா வந்த?"

"வயசாச்சு. ஒங்களுக்கு நெஞ்சு வலியும் இருக்குன்னு அக்கா சொல்லுச்சு. இந்த ஊர்ல செத்துக்கித்துப் போயிட்டா வேட்டிக்கு நான் எங்க போறது? இங்க எல்லாம் காச்சட்டதானே விக்கிறான்."

"ஒங் கோடி வேணாம்னு கோயில் வாசல்ல சொன்னேனே!"

"அது நீங்க உசுரோட இருக்கிறப்ப சொன்னது. செத்தப்பொறம் நீங்க எப்புடித் தடுப்பீங்க?"

ராஜாவின் மேல் கிடந்த வேட்டியைக் காட்டி, "என் துணிய எடுத்து எவனுக்கோ போட்டுட்டியேடா!" என்றேன்.

"நீங்கதானே மச்சான் நிப்பாட்டமாட்டேன்னு அடிச்சுக்கிட்டு நின்னீங்க!"

"ஒன் ஸ்பீக்கர் மாதிரியா? சுவிட்ச அமத்தினா நிக்கிறதுக்கு?"

சண்டை மறுபடி பிடித்துக்கொண்டது. மைதானத்தின் நடுவில், ராஜாவின் தலைமாட்டில், இரண்டு பேரும் முகத்துக்கு முகம் பார்த்துக் கத்தினோம். கருப்பையா எங்கள் நடுவில் வந்து பழக்கத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பினான். பிறகு, "ஓ, இனி நான் வேணாமா?" என்று கேட்டுவிட்டு மூக்கைச் சிந்தப் போனான். இதுவும் நாடகம் என்று நினைத்துச் சனம் மறுபடி கைதட்டியது.

வேட்டியைத் திருப்பித் தர பேக்கரிக்காரர் மறுத்துவிட்டார். தனக்குப் போட்டது தனக்குத்தான் என்றாராம். அதுவும் நியாயம்தான், போட்ட கோடியை யார் திருப்பி வாங்குவது? சுனேத்திராவுக்குச் சம்பல் போத்தலைக் கொடுத்துவிட்டு வந்தேன். போத்தலில் பாதிதான் இருந்தது. ஆனால் அவள் நெஞ்சோடு அணைத்துக்கொண்டதைப் பார்க்க வேண்டும். திரும்பி வரும் பஸ்ஸில் கண்டக்டர் போத்தலோடு வந்தபோது, சிவனு என் கையைப் பிடித்து, "குடிச்சிராதீங்க மச்சான்," என்றான்.

வீட்டு வாசலில் மீனாட்சி நின்றாள்.

"பேசினீங்களா?"

"பேசினோம். ஊரே கைதட்டுற மாதிரி சண்டை போட்டோம்."

"அது போதும்," என்று பைகளை வாங்கிக்கொண்டாள். அன்றைக்குப் பலாக்கொட்டைக் கறி. சிவனுவும் உட்கார்ந்து தின்றான்.

அதற்குப் பிறகு தினமும் பேசுகிறோம், பெரும்பாலும் சண்டைதான். ஸ்பீக்கர் செட் இன்னும் இருக்கிறது. ஆனால் சாமி புறப்படும்போது மட்டும் அதை அமத்திவிடுகிறான். சாமியாடி இப்போது இரண்டு காலிலும் ஒரே ஆட்டம்தான் ஆடுகிறார்.

ஒரே ஒரு விஷயம்தான் பாக்கி. எனக்கு வாங்கிய வேட்டி கரமானில் பேக்கரிக்காரர் வீட்டில் இருக்கிறது. சிவனு வேறு வாங்கி வைத்தானா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டுவிடலாம்தான். ஆனால் கோடியைச் சாகப்போகிறவன் தன் வாயால் கேட்கக்கூடாது, அது எங்கள் முறையில்லை. மீனாட்சியும் தம்பியிடம் கேட்கமாட்டாள், கேட்டால் அழுதுவிடுவாள். ஆகவே இதைக் கேட்கிற நீங்கள் யாராவது தெரணியகலை ரோட்டில் போனால், சந்திக் கடையில் கொஞ்சம் இறங்குங்கள். வாசலில் பெரிய ஸ்பீக்கர் இரண்டு இருக்கும். உள்ளே சிவனு இருப்பான். எட்டு முழம், நல்ல வெள்ளை, மஞ்சள் வைக்காமல் ஒன்று வாங்கி வைக்கும்படி சொல்லிவிடுங்கள்.

அவசரமில்லை என்றும் சொல்லுங்கள்.